கொக்கின் வாய்க்கோடு

குண்டசாலை வயலோரம் ஆட்டோவை நிறுத்தி அரை மணி நேரமாகிறது. தொலைநோக்கியைப் பிடித்த கை வலிக்கிறது. சேற்றில் நிற்பது பெரிய கொக்கா, நடுத்தரக் கொக்கா? அலகிலிருந்து பின்னோக்கிப் போகும் வாய்க்கோடு கண்ணைத் தாண்டி ஓடினால் பெரியது; கண்ணுக்குக் கீழேயே முடிந்தால் நடுத்தரம். அதுவோ முதுகைக் காட்டியே நிற்கிறது.

“கொக்கெல்லாம் ஒண்டுதானே சேர்,” என்கிறார் மடவளைக்காரரான ஓட்டுநர். பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

கொக்கு மெல்லத் தலையைத் திருப்புகிறது. அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் ஒரு சிவப்பு ஆட்டோ, அச்சு அசல் எங்களுடையதைப் போலவே.

“அந்தா, நம்மட மச்சான் வாறாரு!” ஓட்டுநர் ஹோர்னை நீட்டி அடிக்கிறார். மச்சானும் பதிலுக்கு அடிக்கிறார். கொக்கு பறந்துவிடுகிறது.

“எல்லா ஆட்டோவும் ஒன்னுதானே! அவர்தான்னு எப்படித் தெரிஞ்சுது?” என்று வெடிக்கிறேன்.

என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார். “பாத்தா விளங்காதா சேர்?”