மேலே எழுதிய பெயர்

பச்சை அணியின் கால்பந்து மைதானத்தில் எழுத்து என்று எது இருந்தாலும் அது பெயிண்டரின் கை. கேட் எண், டிக்கெட் விலை, 'எச்சில் துப்பாதீர்', கழிப்பறைக் கதவில் ஆண், பெண், எல்லாம். ஆட்டத்துக்கு முதல் நாள் புல்லில் வெள்ளைக் கோடு போடுவதும் அவர்தான். பத்தொன்பது வயதில் மதிலில் விளம்பரம் எழுத ஒரு வாரத்துக்கு என்று வந்தவர். தலை நரைத்த பிறகும் அந்த வாரம் முடியவில்லை.

அளவு விஷயத்தில் பிடிவாதக்காரர். நூல் பிடித்து, சாக்பீஸால் மேல்கோடு கீழ்க்கோடு இழுத்து, நாலடி பின்னால் போய் ஒரு கண்ணை மூடிப் பார்த்த பிறகுதான் பிரஷ்ஷை நனைப்பார். 

"எங்கக்காவ மொதல்ல பாத்தப்பவும் மாமா இப்படித்தான் நாலடி பின்னால போய்ப் பாத்தாரு" என்பான் மச்சான். "அப்படியும் மாட்டிக்கிட்டாரு."

மச்சான், மனைவியின் தம்பி. டவுன் பஸ் டிரைவர். பெயிண்டர் வீட்டுக் கீழ்ப்பகுதியிலேயே குடியிருந்துகொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மஞ்சள் அணிக்குத் தொண்டை கிழியக் கத்துபவன். இரண்டு அணியும் மோதும் வாரத்தில் மாடிக்கும் கீழுக்கும் பேச்சுவார்த்தை கேலியில்தான் நடக்கும்.

பெயிண்டருக்கு ஆட்டப் பைத்தியம் பிடிக்க வைத்தது அவருடைய சொந்த அக்கா. சட்டை ஃபாக்டரியில் காலர் தைப்பவள். வீட்டில் வாயைத் திறக்க மாட்டாள். மைதானத்துக்கு வந்தால் நடுவரின் ஏழு தலைமுறையையும் விசாரிப்பாள். அவள் கணவர் வேலையில் இருக்கும்போதே இறந்துபோக, கம்பெனி ஒரு தொகை கொடுத்தது. ஒற்றை அறை வாடகைக்கு இருந்தவள் அந்தப் பணத்தில் சின்னதாக ஒரு வீடு பார்க்கலாம் என்று பேங்கில் போட்டு வைத்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் கிளப் தலைவர் நிரந்தர இருக்கைத் திட்டத்தை அறிவித்தார். மொத்தமாக ஒரு தொகை கட்டினால் ஆயுள் முழுக்க ஒரு நாற்காலி, அதன் முதுகில் உங்கள் பெயர். மூன்று வருடம் கழித்துக் கட்டிய பணமும் வட்டியோடு திரும்பும், நாற்காலியும் உங்களுக்கே. கரும்பையும் கொடுத்துத் தின்னக் கூலியும் கொடுப்பார்களா என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை. பணம் வந்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு ஸ்ட்ரைக்கர் வந்தான், வரும்போதே முழங்காலில் பட்டையோடு. படுத்துக்கொண்டு போகிற மாதிரி ஏசி பஸ் வந்தது. தலைவருடைய இரண்டு லாட்ஜுகளும் திடீரென்று புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டன.

நல்ல நாற்காலிகள் தீர்ந்தன. பெயர்கள் தீரவில்லை. செயலாளர் பெயிண்டரைக் கூப்பிட்டு, ஏற்கெனவே பெயர் எழுதிய நாற்காலிகளில் இன்னொரு பெயரும் எழுதச் சொன்னார்.

"ஒரு நாற்காலிக்கு ரெண்டு பேரா சார்?"

"ஒருத்தர் லீகுக்கு வருவாரு, ஒருத்தர் கோப்பைக்கு வருவாரு. பங்கு போட்டுக்கறாங்க. உனக்கு என்ன?"

பெயிண்டருக்கு இருந்த கவலை வேறு. நடுவில் பெரிதாக ஒரு பெயர் இருக்க, அடியில் பொடி எழுத்தில் இன்னொன்று எழுதினால் இரண்டாவது ஆள் வேலைக்காரன் மாதிரித் தெரிவார். அதனால் பழைய பெயரைப் பெயிண்டைக் கரைக்கும் தின்னரால் துடைத்துவிட்டு, இரண்டையும் ஒரே உயரத்தில், மேலும் கீழுமாக எழுதினார். முதலில் வாங்கியவர் மேலே, அடுத்தவர் கீழே. பார்த்தவர்கள் அச்சடித்த மாதிரி இருக்கிறது என்றார்கள்.

அக்காவும் பணத்தோடு வந்தாள். அந்த ஆண்டு அணி மூன்றாம் இடத்தில் இருந்தது, நாடே கைக்கு வரும் போலிருந்தது. கிளப் ஆளின் அக்கா என்பதால் நாற்காலியைப் பெயிண்டரையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். யார் பெயரும் இல்லாத ஒன்றே ஒன்றுதான் மிச்சம், மூலையில், தூணுக்குப் பின்னால். கோல் கம்பம் பாதிதான் தெரியும். பெயிண்டர் அதை வேண்டாம் என்றார். நடுக்கோட்டுக்கு நேராக, மழைபடாத வரிசையில், பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவரின் நாற்காலி இருந்தது. மனிதர் கை கால் விழுந்து படுக்கையில் கிடந்தார். வரப்போவதில்லை. அதில் அக்காவின் பெயரைச் சேர்த்தார். அக்காவைக் கீழே எழுதக் கை வரவில்லை. மேலே எழுதினார். இரும்புக்காரர் கீழே போனார்.

"மேல நீதான்க்கா" என்று காட்டினார்.

அக்கா எழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். "காலர் மாதிரி நேரா இருக்குடா."

இரட்டைப் பெயர்களை முதலில் கவனித்தது மஞ்சள் அணிக்காரர்கள்தான். அந்த ஆண்டு மோதலுக்கு வந்தவர்கள் இடைவேளையில் வரிசை வரிசையாகப் படம் எடுத்தார்கள். அடுத்த வாரமே 'ஒரு நாற்காலிக்கு ரெண்டு மாப்பிள்ளை' என்று ஒரு பாட்டு கட்டிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் பச்சைச் சட்டை கண்ணில் பட்டால் போதும், "என்னப்பா, இன்னிக்கு உன் முறையா அவன் முறையா?" என்பார்கள்.

மச்சான் பெயிண்டரையே அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் பிரஷ்ஷோடு நிற்க வைத்துப் படம் எடுத்தான். "சிரி மாமா. நாளைக்கு இந்த மைதானத்த விக்கறப்ப கூட உன் போட்டோவும் போகும்."

"வயித்தெரிச்சல் மாப்ளே. உங்க மைதானத்துல உக்கார நாற்காலியே இல்ல."

"இல்லதான். ஆனா எங்க படிக்கட்ட எவனும் ரெண்டு தடவ விக்கல."

பெயிண்டர் நன்றாகச் சிரித்திருந்தார் அந்தப் படத்தில்.

மூன்றாம் ஆண்டில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் நின்றது. ஏசி பஸ்ஸைக் கடன் கொடுத்தவன் பெட்ரோல் பங்க்கிலேயே வைத்து எடுத்துக்கொண்டு போனான், ஆட்டக்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார்கள். தலைவருக்கு நெஞ்சுவலி வந்து வெளியூர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். செயலாளர் பெயிண்டரிடம் நாற்காலி முதுகுகளை மொத்தமாகத் துடைத்துவிடச் சொன்னார். புதிதாக, பித்தளைத் தகட்டில் பெயர் வரப்போகிறதாம். துடைத்து முடித்தால் நிலுவைச் சம்பளமும் கிடைக்குமாம். பெயிண்டர் தின்னர் டின்னோடு வரிசை வரிசையாகப் போனார். எழுதியதைவிட வேகமாக அழிந்தது. நிலுவை வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை செயலாளரும் வரவில்லை.

கடைசி ஆட்டம் மஞ்சள் அணியோடு. பணம் கட்டியவர்கள் தத்தம் நாற்காலியைத் தேடி வந்தால் முதுகெல்லாம் வெள்ளையாக இருந்தது. கையில் இருந்த ரசீதை அப்போதுதான் பலர் ஒழுங்காகப் படித்தார்கள். அதில் தேதியோ நாற்காலி எண்ணோ இல்லை, 'நன்கொடை' என்று மட்டும் இருந்தது.

எதிர்ப்பக்கம் மஞ்சள் கூட்டம் கட்டுக்கட்டாக விளையாட்டு நோட்டுகளைக் காற்றில் வீசியது. ஒரு தகர டப்பாவைக் குலுக்கி, "பச்சைக்குப் பிச்சை" என்று தாளம் போட்டது. சில பையன்கள் வேலி தாண்டி வந்து வெறும் முதுகுகளில் 'வாடகைக்கு' என்று மார்க்கரில் எழுதிவிட்டு ஓடினார்கள். முதல் தடவையாகப் பச்சைப் பக்கத்திலிருந்து பதில் பாட்டு வரவில்லை. எல்லோரும் பெயிண்டரைச் சுற்றி நின்றார்கள்.

"எங்க பேரு எங்கய்யா?"

"அழிக்கச் சொன்னாங்க."

"சொன்னா அழிச்சிருவியா? நாளைக்கு உன்ன..."

யாரோ அவர் சட்டைக் காலரைப் பிடித்தார்கள். அக்கா வந்து அந்தக் கையை எடுத்துவிட்டாள். அவளும் வாடகை அறையைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் வைத்த கெடுவில் இருந்தாள். அதைத் தம்பியிடம் அவள் சொல்லவில்லை. மனைவி சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

கிளப் திவாலானதும் கணக்குத் தீர்க்கக் கோர்ட் ஒரு அதிகாரியை நியமித்தது. மூக்குக்கண்ணாடி போட்ட, அதிராமல் பேசுகிற அம்மா. விருந்தினர் அணி உடை மாற்றும் அறையில் மேஜை போட்டு உட்கார்ந்தார். பயிற்சி மைதானம் விற்ற பணத்தில், ஒவ்வொரு நாற்காலிக்கும் முதலில் வாங்கியவருக்குக் கட்டியது திரும்பும். ஒரு தடவை விற்ற பொருளை மறுபடி வாங்கியவர்கள், பேங்குக் கடனெல்லாம் தீர்ந்த பிறகு வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசை நகராது என்று அவர் சொல்லவில்லை. அறையில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒன்றும் மிச்சமில்லை. எது யார் நாற்காலி என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

காட்டியது மச்சான். மஞ்சள் அணிக்காரர்கள் கேலிக்கு எடுத்த படங்களைக் கேட்டு அவன் வாட்ஸ்ஆப் குழுவெல்லாம் அலைந்தான். "எழவு வீட்டுக்குப் போய் எவனாவது சாட்சி சொல்வானா?" என்று சிலர் திட்டினார்கள். திட்டிக்கொண்டே அனுப்பினார்கள். வரிசை வரிசையாக எல்லா நாற்காலியும் வந்து சேர்ந்தது. பெயிண்டர் பல்லைக் காட்டி நிற்கும் படம் உட்பட.

அதிகாரி பெயிண்டரை வரச் சொன்னார். பெஞ்சில் அக்கா இருந்தாள். அவளுக்கு அடுத்து இரும்புக்காரரின் மனைவி, மடியில் மருந்துப் பை.

"எழுதினது நீங்கதானே?"

"ஆமாம்மா."

"மேல இருக்கறவங்க மொதல்ல வாங்கினவங்க, கீழ இருக்கறவங்க ரெண்டாவது. எல்லாத்துலயும் அப்படித்தானே?"

அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். 'ஆமாம்' என்று ஒரு சொல். அதைக்கூடச் சொல்ல வேண்டாம், தலையாட்டினால் போதும். அக்காவுக்கு வீடு. இரும்புக்காரருக்குப் பேச்சு போய்விட்டது, அவர் வந்து மறுக்கப்போவதில்லை. பெயிண்டர் மேஜையில் கிடந்த தன் படத்தைப் பார்த்தார். தள்ளி நின்று பார்க்கலாம் என்றால் முதுகுக்குப் பின்னால் சுவர்.

"ஒண்ணுல மட்டும் இல்லம்மா" என்றார்.

எதில் என்று விரலை வைத்துக் காட்டினார். இரும்புக்காரரின் மனைவிக்கு முதலில் புரியவில்லை. அதிகாரி இன்னொரு முறை சொன்னதும் மருந்துப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அக்கா அவருக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

திரும்பும்போது அக்காவும் அவரும் ஏறியது மச்சான் ஓட்டும் பஸ்.

"என்னாச்சு மாமா?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டான். பெயிண்டர் டிக்கெட்டை நாலாக மடித்தார். இரண்டு நிறுத்தம் போனது.

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டாள். "அன்னிக்கு வேற எதுவும் காலியா இருந்துச்சா?"

"மூலையில ஒண்ணு."

"யார் பேரும் இல்லாமயா?"

"ஆமாக்கா. தூண் மறைக்கும்னு..."

பஸ் பாலம் ஏறியது.

"மறைச்சா மறைச்சிட்டுப் போகுது" என்றாள். "நல்லாத் தெரிஞ்சு மட்டும் என்னத்தப் பாத்தோம்?"

அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. எழுந்துகொண்டே, "நாளைக்குச் சாமான் கட்டணும். காலையில வந்துரு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.