ரேடியேட்டர் ஃபேனை நான் சரிசெய்த விதம்

காரின் ரேடியேட்டர் ஃபேன் கடகடவென்று சத்தம் போட்டபோது, அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கோளாறு சரியாகிவிட்டது என்று ஒரு வாரம் நம்பியவன் நான். விவரம் தெரியாதவன் செய்திருந்தால் மன்னிக்கலாம். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் எனக்குச் சம்பளமே, சூடாகும் இயந்திரங்களை எப்படிக் குளிர வைப்பது என்று கணக்குப் போடுவதற்குத்தான்.

அலுவலகப் பழக்கத்தில் முறையாகவே ஆராய்ந்தேன். ஏசி போட்டால் சத்தம், அணைத்தால் கொஞ்ச நேரத்தில் அமைதி என்று கட்டம் போட்ட நோட்டில் மூன்று மாலை குறித்தேன். நான்காம் மாலை பிளக்கைப் பிடுங்கினேன். நிசப்தம். 'காரணம் கண்டறியப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அறுபதில் போனால் கடற்காற்றே போதும் என்பது என் கணக்கு. கோவளம் வரை போய்த் திரும்பினேன். சூடு காட்டும் முள் அசையவில்லை. வண்டி எங்கேயாவது நிற்கவும் நேரிடும் என்பதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் என் மனைவிக்குச் செங்கல்பட்டில் ஆசிரியர் இடமாறுதல் கலந்தாய்வு. கடப்பாக்கம் பள்ளிக்கு ஆறு வருடமாக இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தாள். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் இன்னொரு வருடம் கடப்பாக்கம்தான்.

"பஸ்லயே போயிடறேனே" என்றாள்.

"அப்புறம் கார் எதுக்கு இருக்கு?" என்றேன்.

திருக்கழுக்குன்றத்தில் தேர். வடம் பிடித்தவர்கள் மோர் குடிக்க நிறுத்தியிருந்தார்கள், பின்னால் நாங்கள். ஐந்து நிமிடத்தில் முள் சிவப்பைத் தொட்டது. பத்தாவது நிமிடம் பானெட்டிலிருந்து ஆவி கிளம்ப, தேரைக் கும்பிட்டுக்கொண்டிருந்த சிலர் எங்கள் பக்கம் திரும்பினார்கள். மனைவி சான்றிதழ் ஃபைலுடன் இறங்கி, தேரைத் தாண்டி நடந்து, அந்தப் பக்கம் நின்ற பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்கு நாலு பேர் வண்டியைத் தள்ளிவிட்டார்கள். மெக்கானிக் பானெட்டைத் திறந்து, தொங்கிய ஒயரைத் தூக்கிப் பிடித்தார்.

"இத்த யாரு சார் புடுங்கினது?"

"நான்தான். சத்தம் வந்தது."

"கொயந்த அயுவுதுன்னு வாயில துணி வெச்சி அடைப்பியா? இன்னா வேல பாக்கற நீ?"

சொன்னேன். அவர் கடல் இருக்கும் திசையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அங்க எதுனா சத்தம் வந்தா இன்னா சார் பண்ணுவ?"

நான் தேரைப் பார்த்தேன்.

எஞ்சின் ஆறியதும் ஃபேன் இறக்கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். "இப்டி ஆடக் கூடாது. மோட்டார் உள்ள தேஞ்சி பூட்ச்சி. றெக்க கூண்டுல இடிக்குது. கைய வெச்சிப் பாத்திருந்தா ஒரு நிமிசத்துல தெரிஞ்சிருக்கும்."

என் நோட்டில் கை வைப்பதற்குக் கட்டமே இல்லை.

செங்கல்பட்டுக் கடைக்குப் போன் போட்டு, புது மோட்டாரை பஸ் டிரைவர் கையில் கொடுத்தனுப்பச் சொன்னார். வந்ததும் நாலு போல்ட்டைக் கழற்றி, கூண்டோடு ஃபேனை வெளியே எடுத்து, மோட்டாரை மாற்றி, ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி ஓடவிட்டார். சத்தமே இல்லை. பிளக் மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். மாட்டியிருந்தது.

செங்கல்பட்டில் மனைவி மாறுதல் ஆணையுடன் வாசலில் நின்றிருந்தாள். அவள் பெயருக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்போது உள்ளே நுழைந்தாளாம். இரண்டு பள்ளிகளில் இடம் காலியாக இருந்ததாம். ஒன்று வீட்டிலிருந்து பத்து நிமிடம், இன்னொன்று முக்கால் மணி நேரம்.

"பத்து நிமிஷத்தைத்தானே எடுத்தே?" என்றேன்.

"இல்ல. அந்த ஊருக்கு பஸ் கிடையாது. உங்க கார்லதான் போகணும்" என்றாள்.