சும்மா ஊட்டுலதான கீற

ஏழுமலை வலைய விரிச்சி ஒரு கண்ணிக்குள்ள ரெண்டு வெரல உட்டான். வெரல் தாராளமா போயி வந்துச்சி.

"இன்னா அத்த இது? இது வழியா எறா இன்னா, எங்க மாமியாரே பூந்து போயிடும்."

நான் சிரிச்சிட்டேன். அவன் மாமியார நீங்க பாத்திருந்தா நீங்களும் சிரிப்பீங்க.

சிரிக்கற விசயம் இல்ல அது. எங்க ஏரியில எந்த எடத்துல, எந்த நாள்ல யாரு வலை கட்டணும்னு ஊர்ல மொற வச்சிக்கிறோம். அதுக்குப் பேரு பாடு. ஏழுமலைக்கு மறுநாள் பாடு, எறா நல்லா ஓடற எடம். அத உட்டா மொற சுத்தி வர்ற வரைக்கும் அந்த எடத்துல அவன் கால் வைக்க முடியாது. அவன் வலைய நான் கெடுத்து வச்சிருக்கேன்.

எப்பிடிக் கெட்டுச்சி

நான் கிழிஞ்ச வலை பின்றவ. கண்ணாலம் ஆன நாள்லேருந்து இதான் வேலை. முன்னெல்லாம் கரையில கொட்டாய்ல குந்திதான் பின்னுவேன். முட்டி வலி வந்ததும் மவன், "ஊட்லயே பின்னும்மா, ஃபேன் கீது, டீ கீது"ன்னான். நானும் ஆசைப்பட்டு வந்துட்டேன். ஃபேன் நல்லாத்தான் இருந்துச்சி.

ஆனா ஊட்ல குந்தினா வேலை செய்யறோம்னு ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. பக்கத்து ஊட்டு செல்வி மீன காயப் போட்டுட்டு, "ஆயா, காக்கா வராம பாத்துக்கோ, சும்மா ஊட்டுலதான கீற"ன்னு போயிடுவா. ஒருத்தி சாவி குடுப்பா. ஒருத்தி புள்ளய உட்டுட்டு பழவேற்காட்டுக்கு பஸ் ஏறிடுவா. அந்தப் புள்ள தங்கமான புள்ள, ஆனா நூல்கண்டப் பாத்தா உடாது.

எறா வலைக்கு குறுகலான மூங்கில் பட்டை, மீன் வலைக்கு அகலமான பட்டை. பட்டைய வச்சித்தான் கண்ணிக்கு அளவு எடுக்கணும். அன்னிக்கி ஏழுமலை வலைய மடியில போட்டுக்கினு ஏழு தடவ எந்திரிச்சேன். கடைசியா கேஸ்காரனுக்கு கதவு தொறந்துட்டு வந்து, செல்வி சொன்ன அவ மருமவ கதைய கேட்டுக்கினே கைக்கு வந்த பட்டைய எடுத்தேன். அகலப் பட்டை. கதை அவ்ளோ ருசி, ரெண்டு முழம் பின்னின அப்புறமும் தெரியல.

ஏரி நடுவுல

"பொழுது சாயறதுக்குள்ள முடிப்பியா அத்த?"ன்னான் ஏழுமலை. கோவமா கேக்கல, பயந்து கேட்டான். அதான் எனக்கு உறுத்திச்சி.

"முடிப்பேன். உன் படக எட்றா. என்ன ஏத்தி இடுப்பளவு தண்ணியில நங்கூரம் போட்டுட்டு நீ பூடு."

"இன்னாத்துக்கு?"

"அங்க வந்து எவ சாவி குடுக்கறானு பாக்கறேன்."

குடை, சொம்புத் தண்ணி, ஊசி, நூல்கண்டு, குறுகல் பட்டை எல்லாம் எடுத்துக்கினேன். அகலப் பட்டைய ஊட்லயே போட்டுட்டேன். தப்பா பின்னினத அறுத்துட்டு மறுபடி ஆரம்பிச்சேன். கொஞ்ச நேரத்துல கரையிலேருந்து செல்வி கத்தறா, "ஆயா! மீனு காயுது!"

"காக்காகிட்ட சொல்லிட்டேன், அது பாத்துக்கும்!"னு கைய ஆட்டினேன்.

ஒரு மணி நேரம் ராணி மாதிரி பின்னினேன். அப்புறம் ஊசியில நூலு தீந்துச்சி. வலை ஊசி வயித்துல நூல சுத்திச் சுத்தி ஏத்தணும். எனக்குக் கண்ணு மங்கல். "அடியே திவ்யா!"னு வாய் தானா கூப்ட்டுச்சி. சுத்தி தண்ணிதான் இருந்துச்சி.

திவ்யா என் பேத்தி. மெட்ராஸ் கம்பெனிக்கு உள் ரூம்ல கம்ப்யூட்டர் முன்னால குந்தி வேலை செய்யறா. ஊசி தீந்தா அவளத்தான் கூப்டுவேன். காதுல மாட்டிக்கினு யார்கிட்டயோ இங்கிலீஷ்ல பேசிக்கினே வந்து ஏத்திக் குடுத்துட்டுப் போவா. ஒரு நாள், "ஆயா, மீட்டிங்ல கீறேன்"னா. நான் இன்னா சொன்னேன் தெரியுமா? "சும்மா குந்திக்கினுதான கீற, எந்திரிச்சி வா."

செல்வி சொன்ன அதே வார்த்த. படகுல ஒத்தையா குந்தி ஊசிய தடவித் தடவி நானே ஏத்தினேன். மூணு ஊசி. அன்னிக்கித்தான் எண்ணிப் பாத்தேன், ஒரு நாளைக்கு எத்தினி தடவ அந்தப் பொண்ண எழுப்பிக்கீறேன்னு.

வெளிச்சம் இருக்கச் சொல்லவே வலை முடிஞ்சிது. ஏழுமலை வெரல உட்டுப் பாத்தான், நுனி கூட போவல. "இப்ப மாமியார் மாட்டிக்கும்"னு சிரிச்சான். மறுநாள் பாடு, அவனுக்கு நல்ல எறா. ஒரு கொழம்புக்கு எனக்கும் குடுத்தான். கத்திரிக்கா போட்டு வச்சேன். ருசின்னா அப்பிடி ருசி.

இப்ப காலையில கொட்டாய்க்கே போயிடறேன். முட்டி வலிக்குதுதான், வலிக்கட்டும். சின்னப் புள்ளைங்களுக்கு ஒண்ணு சொல்றேன்: ஊட்லயே வேலை செய்றதுன்னா ஒரு கதவு வேணும். நம்ம ஊட்ல கதவு சாத்தி யாராவது வேலை செஞ்சா, அதத் தட்டாத மனசும் வேணும்.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல திவ்யாதான் எழுதிக்கினு கீறா. இன்னிக்கி அவளுக்கு லீவு. கேட்டுட்டுத்தான் கூப்ட்டேன்.