அக்காவின் எலிக்கு உப்புத் தண்ணீர்

எழுபதுகளில் ஒரு தடவை, அக்கா படித்த கல்லூரியில் வேலைநிறுத்தம் என்று விடுதியை மூடிவிட்டார்கள். மற்ற பெண்கள் பெட்டியோடு ஊருக்குப் போனார்கள். அக்கா எங்கள் ஊர் விருத்தாசலம் ஜங்ஷனில் மூன்று எலிக்கூண்டுகளோடு இறங்கினாள். அவளுடைய ஆராய்ச்சியே அந்த எலிகள்தான்; அவை செத்தால் படிப்பும் போச்சு.

ஒன்று ஒல்லி. மற்ற இரண்டும் பிறவியிலேயே பருக்கிற வகை. அவற்றில் ஒன்றுக்கு, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளை எடுத்திருந்தார்கள். மூன்றுக்கும் சின்னத் தராசில் நிறுத்து ஒரே அளவு மாவுத் தீனி. அதை வைக்க, அப்பா தான் வேலை பார்த்த செராமிக் பட்டறையிலிருந்து விளிம்பு உடைந்த கிண்ணங்களைக் கொண்டுவந்தார். நல்ல கனம், எலியால் கவிழ்க்க முடியாது.

எங்கள் வீட்டில் எலிக்கு மட்டுமா அளந்து போட்டார்கள்? அக்கா குண்டு. பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியை வழித்துத் தின்றுவிட்டு, "பொண்ணு கொஞ்சம் பூசினாப்புல இருக்குதுங்க" என்று போய்விட்டார்கள். அன்றிலிருந்து அம்மா அவளுக்கு ஒரே கரண்டிச் சோறுதான் வைத்தாள். ஒல்லிப்பிச்சியான நான் வேண்டுமட்டும் தின்றேன். அந்தப் பசியோடுதான் அவள் அத்தனையும் படித்தாள். நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

தீனி வாங்க அக்கா சிதம்பரம் போனபோது அந்தக் கூத்து நடந்தது. இரண்டு நாள் கழித்துத் திரும்பியவள், ஆபரேஷன் ஆன எலி சுருண்டு கிடப்பதைப் பார்த்தாள். கிண்ணத்துத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"யாரு தண்ணிய மாத்துனது?"

"நான்தான். தவிச்ச வாய்க்கு யாராச்சும் உப்புத் தண்ணி வைப்பாங்களாடி?" என்றாள் அம்மா.

நானாக இருந்தால் தெருவையே கூட்டியிருப்பேன். அக்கா உப்பைக் கரைத்து, பஞ்சுத் திரியில் நனைத்து, எலியின் வாயில் சொட்டு சொட்டாக விட்டாள். சாயங்காலம் அது எழுந்து தானாகவே கிண்ணத்தில் வாய் வைத்தது. அதற்குப் பிறகுதான் சொன்னாள்: "அந்தச் சுரப்பி இல்லாட்டி ஒடம்புல உப்பு தங்காதும்மா. ஆனா அதை எடுத்ததும் இது பருக்கிறது மட்டுப்பட்டுப் போச்சு. தீனியும் ஒரு காரணந்தான், இல்லேங்கல. தின்னதைச் செலவு பண்றதா, கொழுப்பா சேத்து வைக்கிறதான்னு உள்ள சுரக்கிறதும் சேந்து முடிவு பண்ணுது."

அம்மா நம்பவில்லை. "அந்தக் குண்டு எலி திருடித் தின்னுது" என்றாள்.

அக்கா வாதாடவில்லை. தராசை அம்மாவின் கையில் கொடுத்தாள். என் அக்காவிடம் நான் கும்பிடுகிற குணம் அதுதான்.

விடுதி திறக்கும்வரை அம்மாவே தீனி நிறுத்தாள், எலிகளையும் நிறுத்தாள். பகலெல்லாம் கூண்டுக்கு எதிரில் உட்கார்ந்து காவல் காத்தாள். குண்டு எலி ஒரு துணுக்குகூட அதிகம் தின்னவில்லை. ஆனாலும் தராசில் அதன் தட்டுதான் நாளுக்கு நாள் தாழ்ந்துகொண்டே போனது.

அக்கா விடுதிக்குக் கிளம்புகிற அன்று சாப்பாட்டில், அம்மா இரண்டாவது கரண்டியோடு வந்தாள். அக்கா பழக்கத்தில் தட்டைக் கையால் மூடிக்கொண்டாள்.

"கைய எடுடி" என்றாள் அம்மா.

அக்கா கையை எடுத்தாள். அந்தச் சோற்றை நிதானமாகச் சாப்பிட்டு முடித்துவிட்டு, தலை நிமிராமல், "இன்னும் கொஞ்சம் போடும்மா" என்றாள்.