எகிப்து அதிகாரியும் என் பிளாஸ்டிக் கதிரைகளும்

இன்று மனைவியுடன் மியூசியம் போனேன். வெளியே மழை, உள்ளே இலவசம்.

எகிப்துப் பகுதியில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் களிமண் கூம்புகள் இருந்தன. அந்தக் காலத்து அதிகாரிகள் தங்கள் கல்லறை வாசலுக்கு மேலே, சுவரில் வரிசையாகப் பதித்தவையாம். கூர்ப்பக்கம் சுவருக்குள் போய்விடும். வெளியே தெரிகிற வட்ட முகத்தில் பெயரும் பதவியும் முத்திரையாக இருக்கும். ஒரே ஆளுக்கே நூற்றுக்கணக்கில் செய்வார்களாம்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“களஞ்சிய மேற்பார்வையாளராம்! எத்தினை தரம் அடிச்சு வைச்சிருக்கிறார் பாரும். ஒருக்கால் போட்டால் காணாதே?”

மனைவி கூம்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இஞ்சேருங்கோ, எங்கடை கோயில் மண்டபத்துக் கதிரையளின்ரை முதுகிலை என்ன ஒட்டியிருக்கு?”

ஒட்டியிருப்பது என் பெயர். கூடவே ‘பட்டயக் கணக்காளர், நிர்வாக சபை முன்னாள் உபதலைவர்’. கிங்ஸ்பரிக் கோயிலுக்கு நான் கொடுத்த பிளாஸ்டிக் கதிரைகள் அத்தனையிலும்.

“அது உபயம். உபயமெண்டால் பேர் போடுறது வழக்கம்தானே” என்றேன்.

“ஓம். அந்தாள் தன்ரை கல்லறையிலைதான் போட்டவர். நீங்கள் சனம் இருந்து சோறு சாப்பிடுற கதிரையிலை.”

அதன் பிறகு மம்மிகளை நான் தனியாகத்தான் பார்த்தேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஸ்டிக்கர்களை உரிக்கப்போகிறேன். உதவிக்கு வருகிறவர்கள் இந்தப் பதிவுக்குக் கீழே பெயரைப் போடுங்கள். பட்டம், பதவி எல்லாவற்றையும் சேர்த்தே போடுங்கள். மண்டப வாசலில் ஒரு நன்றிப் பலகை வைக்கலாமென்று இருக்கிறேன்.