வலது காதில் விழாத டிஸ்

ஒட்டுத் தெரியாமல் ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்குப் போக மூன்று சத்தங்களைக் கேட்க வேண்டும். அடியில் நெஞ்சை இடிக்கும் "தும்". இடையில் கை தட்டியது போல "சட்". இரண்டுக்கும் மேலே, கடுகு பொரிவது போல மெல்லிசாக "டிஸ் டிஸ்". ஹாலில் ஒரு பாட்டு ஓடும்போதே அடுத்த பாட்டை ஹெட்போன் வழியாக ஒரு காதுக்கு மட்டும் விட்டு, இரண்டின் வேகமும் ஒன்றாகும்வரை தள்ளியும் இழுத்தும் சரிசெய்ய வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் இரண்டு "தும்"மும் முன்பின்னாக விழுந்து குதிரை வண்டி ஓடுகிற சத்தம் வந்துவிடும்.

விவரம் தெரிந்தவர்கள் "தும்"மைத்தான் முதலில் பிடிப்பார்கள். நான் "டிஸ்"ஸைப் பிடித்தேன். எல்லாம் பழக்கதோஷம். தொண்ணூறுகளில் அடி அண்ணாமலையில் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தேன். பௌர்ணமி வந்தால் கிரிவலப் பாதையில் மரத்துக்கு மரம் குழாய் ஸ்பீக்கர் கட்டுவேன். குழாயில் அடிச்சத்தம் வராது, மேல்சத்தம் மட்டும்தான். அது சரியாகப் பேசுகிறதா என்று பார்க்க, ஏணியில் நின்றபடி வலது காதைக் குழாயின் வாயிலேயே வைத்துக் கேட்பது எங்கள் ஆட்களின் வழக்கம். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்த ஒருவனைப் புதுப்பெண் என்று கேலி செய்தே விரட்டினோம். இப்போது நினைத்தால் அவன் காலில் விழலாம் போலிருக்கிறது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, செங்கம் ரோட்டில் வாடகை அறையில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், கோவாவில் டிஜேவாக இருந்தவர், சத்தம் போதும் இனி மௌனம்தான் என்று முடிவு செய்து, இரண்டு சிடி பிளேயரையும் மிக்சரையும் என் தலையில் கட்டினார். அந்த மௌனம் யாருக்கு வரப்போகிறது என்பது அண்ணாமலையாருக்குத்தான் தெரிந்திருக்கும். எனக்கு அப்போது கால் தரையில் பாவவில்லை. என் மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஒவ்வொரு பாட்டிலும் நிமிஷத்துக்கு எத்தனை "தும்" என்று எண்ணி நோட்டில் எழுதுவாள். அதைப் பார்த்து நான் பாட்டுகளை ஜோடி சேர்ப்பேன். வேறு எந்த வேலையிலும் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

பிறகு "டிஸ்" மங்க ஆரம்பித்தது. ஹெட்போன் மட்டம் என்று நினைத்து மாற்றினேன். புதியதும் அப்படியே இருந்தது. மூன்றாவதை வாங்கும்போது கடைக்காரரோடு சண்டையே போட்டேன். அவர் மாட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே கீது?" என்றார். அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

வேங்கிக்காலில் ஒரு கல்யாண ரிசப்ஷன். சென்னையில் டிஜே குழு நடத்துகிற ஒருவர் மாப்பிள்ளைக்குச் சொந்தம். என் வாசிப்பு பிடித்திருந்தால் தன் குழுவில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லி, முதல் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். முதல் இரண்டு பாட்டை நோட்டை வைத்தே ஒப்பேற்றிவிட்டேன். மூன்றாவதை ஹெட்போனில் விட்டால் "டிஸ்" சுத்தமாக இல்லை. சத்தத்தை ஏற்றினேன். இல்லை. ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். இல்லை. கடைசியில் ஏதோ தோன்றி ஹெட்போனை இடது காதுக்கு மாற்றினேன். அங்கே கடுகு பொரிந்துகொண்டிருந்தது.

ஹெட்போனில் ஒரு குறையும் இல்லை. ஓடுகிற பாட்டில் இன்னும் ஒரு நிமிஷம்தான் பாக்கி. இடது காதில் புதுப் பாட்டு, வலது காதில் ஹால். அந்தக் காதுக்கு எட்டியது "தும்" ஒன்றுதான். அதுவும் பின்சுவரில் மோதித் திரும்பி வந்த "தும்". எது அசல், எது எதிரொலி என்று பிரிக்க எனக்குப் பழக்கமில்லை. கடவுளே, இன்றைக்கு மட்டும் என்று வேண்டிக்கொண்டு பாட்டை ஏற்றினேன். மண்டபம் முழுக்கக் குதிரை வண்டி ஓடியது. ஆடிக்கொண்டிருந்த பையன்கள் நின்று என்னைப் பார்த்தார்கள். சென்னைக்காரர் எழுந்து வந்து தோளில் தட்டி, "பரவால்ல தம்பி, சொல்லி அனுப்புறேன்" என்றார். பிறகு பந்திக்குப் போய்விட்டார்.

ஒயர் சுற்றும்போது மனைவி என் வலப்பக்கம் நின்றிருந்தாள். அங்கிருந்து பேசாமல், சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்து, "வீட்டுக்குப் போலாங்க" என்றாள். அப்போதுதான் உறைத்தது. வீட்டிலும் பல மாதமாக அவள் இடப்பக்கமாக வந்துதான் பேசுகிறாள்.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"பாப்பாவுக்குக் கொலுசு போட்ட அன்னைக்கே. உங்க வலப்பக்கமா அப்டி ஓடுது, நீங்க திரும்பவே இல்ல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா இத விட்டுடுவீங்க. விட்டுட்டு இன்னா பண்ணுவீங்க?"

மண்டபத்து வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் காலையில் மகளைக் கூப்பிட்டு, அறைக்குள் நடக்கச் சொன்னேன். இடது காதைக் கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டேன். அவளுக்கு இது ஏதோ புது விளையாட்டு. கொலுசு குலுங்கக் குலுங்கக் குதித்தாள். அவள் பாதம் தரையில் விழும் "தும்" மட்டும் கேட்டது.

"கேக்குதாப்பா?" என்று கத்தினாள்.

"கேக்குதும்மா" என்றேன்.