குரல் வந்த ஓட்டை

அந்தப் பட்டறையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள், பாட்டிலை அடைக்கிற 'கார்க்கு'. பழைய ஜீப்புகளைப் பிரித்து, உயர்த்தி, ஆற்றையே கடக்கும் வண்டிகளாக மாற்றித் தரும் இடம் அது. தகரத்தை ஒருவர் வெட்டுவார், இன்னொருவர் துளை போடுவார். கடைசியில் இவள் வந்து எல்லாவற்றையும் அடைப்பாள். கதவுக்கு ரப்பர் பட்டை, ஒயர் நுழையும் துளைக்கு ரப்பர் வளையம், தகரமும் தகரமும் சேரும் இடுக்குக்குப் பசை. அவள் விரல் போன வழியில் தண்ணீர் போனதாகச் சரித்திரமே இல்லை.

அந்த விரல்கள்தான் அவள் கல்யாணத்துக்கு வில்லன். சம்பந்தம் பேச வந்த ஓர் அம்மா அவள் கையைப் பிடித்துவிட்டு, "என்னம்மா, டயர் கடை வாசனை அடிக்குது?" என்று மூக்கைச் சுளித்தாள். "கல்யாணத்துக்கு அப்புறம் இந்த வேலையெல்லாம் வேண்டாம்" என்றான் மகன்.

"அப்ப கல்யாணமே வேண்டாம்" என்று எழுந்துவிட்டாள் கார்க்கு.

"வண்டியை அடைக்கிறதோட நிறுத்திக்கடி. உனக்கு வர்ற நல்ல வழியையும் ஏன் அடைக்கிறே?" என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள்.

அண்ணிக்கு எப்படித் தெரியும்? கார்க்குவின் மனசை ஏற்கெனவே ஒருத்தன் பிடித்துவிட்டிருந்தான். பட்டறையில் ஒயரிங் வேலை பார்ப்பவன்; எல்லோருக்கும் அவன் பெயரே 'ஒயரிங்'. வாய் திறந்தால் பியூஸ், பேட்டரி; அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அவன் சொல்லட்டும் என்று இவள் காத்திருந்தாள். இவள் சிரித்தால் சொல்லலாம் என்று அவன் காத்திருந்தான். ஐயோ, இரண்டு உள்ளங்கள் இப்படியா வீணாக வேண்டும்!

அன்று பச்சை ஜீப்புக்குத் தண்ணீர்ச் சோதனை. ஒருவர் டார்ச்சும் சாக்பீஸுமாக உள்ளே படுத்துக்கொள்வார். மற்றவர் வெளியிலிருந்து குழாயால் பீய்ச்சுவார். கசியும் இடத்தில் வட்டம் போட வேண்டும். கதவைச் சாத்தினால் வெளியே இடி விழுந்தாலும் உள்ளே கேட்காது. அந்தத் தைரியத்தில்தான் காலையில் பெயின்டர், உள்ளே உட்கார்ந்திருந்த முதலாளியை வாய்க்கு வந்தபடி திட்டினார். முதலாளி சிரித்துக்கொண்டே கையாட்டினார்.

கார்க்கு உள்ளே போய்ப் படுத்துக் கதவைச் சாத்தியதும், அதே தைரியம் ஒயரிங்குக்கும் வந்தது. பானெட்டைத் திறந்து, குனிந்து, தண்ணீரைப் பீய்ச்சியபடி எஞ்சினிடம் பேச ஆரம்பித்தான்.

"உன் கையில அடிக்குதே ரப்பர் வாசனை, அது இல்லாத வீட்ல எனக்கு மூச்சே முட்டும். நீ கடைசி வரைக்கும் இந்த வேலையைப் பாரு. நான் கடைசி வரைக்கும் உனக்கு டார்ச் பிடிக்கிறேன். என்னைக் கட்டிக்கிறியா?"

டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் படுத்திருந்த கார்க்குவின் காதில் அத்தனையும் விழுந்தது. அடுத்த நொடி கன்னத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் விழுந்தது. கதவை உதைத்துத் திறந்து குதித்தாள்.

"ஓட்டை! எங்கேயோ ஓட்டை இருக்கு!"

"எப்படிச் சொல்றீங்க?"

"நீங்க பேசினது கேட்டுச்சே!"

குழாய் அவன் கையை விட்டு நழுவி, பாம்பு மாதிரி துள்ளி, பெயின்டரின் சட்டையைக் குளிப்பாட்டியது.

"எ... எதுலேருந்து?"

"ரப்பர் வாசனைலேருந்து! எப்ப 'நீ' ஆனேன் நான்?"

அவனுக்கு முகமெல்லாம் ரத்தம் ஏறியது. அவள் டார்ச்சை அடித்துத் தேடினாள். பனி விளக்குக்கு ஒயர் இழுக்க, எஞ்சினுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுத் தகரத்தில் அவனே போட்ட புதுத் துளை, ரப்பர் வளையம் இல்லாமல் திறந்து கிடந்தது.

"துளை போட்டா என்கிட்ட சொல்லணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"சொல்லணும்னுதாங்க இத்தனை வருஷமா தவிக்கிறேன்."

"நான் துளையைச் சொல்றேன்!"

"பதில்...?"

"முதல்ல ஓட்டை."

வளையம் போட்டுப் பசை தடவினாள். அது காயும் வரை அவனுக்குத் தொண்டையில் சோறு இறங்கவில்லை. பாவி, அவள் நிதானமாகச் சாப்பிட்டாள்! சாயங்காலம் வந்து, "இப்ப நீங்க உள்ளே படுங்க" என்றாள்.

கதவைச் சாத்தினாள். குழாயோடு எஞ்சின் மேல் குனிந்தாள். பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி, "கட்டிக்கிறேன்! சந்தோஷமா கட்டிக்கிறேன்!" என்றாள்.

பெயின்டர் விசிலடித்தார். முதலாளி தகரத்தைத் தட்டித் தாளம் போட்டார். உள்ளே ஒயரிங் கண்ணாடியில் மூக்கை அழுத்தி, "என்ன சொன்னா? யாராவது சொல்லுங்களேன்!" என்று கத்தினான். அவன் வாய் அசைவதுதான் தெரிந்தது. பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, நேரே குழாய்த் தண்ணீரில் நின்றான்.

"கசிஞ்சுதா?" என்றாள்.

"ஒரு சொட்டுகூட இல்லை. எனக்கு ஒண்ணுமே கேட்கலை!"

அவள் கண் நிறையச் சிரித்தாள். "ஞாயிற்றுக்கிழமை வந்து எங்கப்பாகிட்ட கேளுங்க. ஆயுசு முழுக்க பஸ் ஓட்டினவர், காது கொஞ்சம் மந்தம். உரக்கக் கேக்கணும்."

புரிந்ததும் அவன் சொட்டச் சொட்ட நனைந்தபடி, நடுப் பட்டறையில் நின்று, "மாமா! உங்க பொண்ணை எனக்குக் குடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

"இன்னும் சத்தமா" என்றாள் கார்க்கு.